தொப்பி போட்ட சுரை

மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாடித்தோட்டம் போடப்போகிறேன் என்றால், வெந்தயம் தூவு, கீரை போடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாலு நாளில் முளை தெரிந்துவிடும், குழந்தைக்குப் பொறுமை இருக்காது என்பது அவர்கள் கணக்கு. வெந்தயத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிள்ளைக்கென்றே அமைந்த கொடி சுரைதான். கீரை விதையை மணலோடு கலந்துதான் தூவ வேண்டும்; அவ்வளவு பொடி. சுரை விதையைச் சின்ன விரல்கள் பிடிக்கலாம், கீழே விழுந்தால் தேடி எடுக்கலாம்.

திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் ஆடி 18 அன்று ஊன்றினோம். விதை அப்பாயி கொடுத்தது. சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கைக்குள் போட்டு, அடுப்படியில் தொங்கவிட்டு வைத்திருந்தார். முந்தின ராத்திரி ஊறவைத்தோம். செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி மட்டும் நான் போட்டேன். மற்றதைக் கலக்கியது முழுக்க மகள்தான். எந்த வேலையைப் பிள்ளை கையில் விடுவது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்று பிரிப்பதில்தான் இந்தக் கலையின் நுட்பமே இருக்கிறது. மண் கலப்பதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றுவதிலும் இல்லை, பூவாளி சின்னதாக இருக்கிற வரைக்கும்.

6ஆம் நாள் காலையில் கத்தினாள்: "அம்மா, இது தொப்பி போட்டிருக்கு!"

குனிந்து பார்த்தேன். கொக்கியாக வளைந்த தண்டு மண்ணைப் பிளந்து நிமிர்ந்திருந்தது. விதையின் ஓடு இரண்டு வித்திலைகளின் நுனியிலும் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. எத்தனையோ முறை சுரை போட்டிருக்கிறேன். முளைத்ததா இல்லையா என்று பார்த்ததோடு சரி. குத்தவைத்து உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற உயரத்தில் இருக்கிறது அந்தத் தொப்பி. அவளுக்கோ அது எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. பிய்த்தால் இலை கிழியும் என்று சொல்லி, ஓட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டோம். சாயங்காலம் தானாகவே கழன்று விழுந்தது. அந்த ஓட்டை அவள் தீப்பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

புரட்டாசியில் பூத்தது. சுரைப்பூ அந்தி சாயும்போது விரிகிற பூ. பிள்ளை மத்தியானத் தூக்கம் தெளிந்து, பால் குடித்துவிட்டு மாடிக்கு வருகிற நேரம் அது. வெள்ளை வெளேரென்று, துவைத்துப் பிழிந்த மல் துணிபோல லேசாகச் சுருங்கிய இதழ்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். பெண் பூ அதில்தான் நிறைய வரும். அடையாளம் சுலபம். இதழுக்குக் கீழே சுண்டுவிரல் அளவில் பிஞ்சு இருக்கும். "இது குட்டி வச்சிருக்கு" என்றாள் மகள். அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

மாடியில் மகரந்தம் சேர்க்க அந்துப்பூச்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆண் பூவைப் பறித்து வருவது அவள் வேலை. இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, மஞ்சள் பொடி ஒட்டிய தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்ல ஒற்றி எடுப்பேன். பொடி ஒட்டினால் இரண்டு நாளில் பிஞ்சு ஊதத் தொடங்கும். ஒட்டாவிட்டால் மஞ்சளாகி வெம்பி விழும்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பார் அப்பாயி. மடக்கிய விரலால்தான் காட்ட வேண்டும். இந்தச் சொல்லின் அருமை எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. மெல்லிய சுணையோடு இருக்கும் பிஞ்சு, கை பட்டுப் பட்டு நசுங்கினால் வீணாகிவிடும். தொடாதே என்றால் மூன்று வயது கேட்காது. விரலை மடக்கு என்றால் கேட்கிறது. மடக்கிய விரலோடு மூச்சை அடக்கி அவள் நிற்கிற அந்த நிலைக்காகவே எத்தனை கொடி வேண்டுமானாலும் வளர்க்கலாம்.

பூவை ஒற்றிய 15 நாளில் முதல் காய். அறுத்ததும் ஒரு துண்டைப் பச்சையாக நான் வாயில் போட்டுப் பார்ப்பேன். சுரை கசந்தால் அதில் நச்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. பிள்ளை இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் செய்யுங்கள், கசக்கிற காயைக் குப்பையில் போட்டுவிடுங்கள். எங்கள் காய் கசக்கவில்லை. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தேன்.

மார்கழிப் பனியில் இலைகளில் சாம்பல் நோய் கண்டது; புளித்த மோரை நீர்க்கக் கரைத்துத் தெளித்தோம். அதற்குள் ஒரு காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருந்தோம். பச்சை வெளுத்து, பழுப்பாகி, தோல் கட்டை மாதிரி இறுகியது. மாசி பிறந்து பறித்தபோது பெரிய உருவத்துக்கு எடையே இல்லை. இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினாள். உள்ளே விதைகள் கலகலவென்று உருண்டன.

அன்றிலிருந்து அது அவளுடைய கிலுகிலுப்பை. திறக்க விடமாட்டேன் என்கிறாள். அப்பாயிக்குத் திருப்பித் தர வேண்டிய விதை அதற்குள்தான் இருக்கிறது. ஆடிக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது.