சோதனை என்றொரு சொல்

சென்ற வருடம் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராகப் போனேன். விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பற்றி ஏழெட்டுக் கதைகள் வந்திருந்தன. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரே அச்சு. பிள்ளை அல்லாஹ்வின் சோதனை. உம்மா தொழுகைப் பாயில் அழுகிறாள். கடைசியில் பிள்ளை மௌத்தாகிறது. அவனுக்கு என்ன விருப்பம், எதற்குச் சிரிப்பான் என்று ஒரு வரி இல்லை. சிலவற்றில் பெயர்கூட இல்லை. உம்மாவின் பொறுமையை அளக்க மட்டும் அவன் வந்து போகிறான்.

இது நேற்று வந்த பழக்கமல்ல. புறநானூற்றின் 28 ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்குக் குறைப் பிறவிகள் எட்டைக் கணக்கெடுத்துச் சொல்கிறார். கூன், செவிடு என்று போகும் அந்தப் பட்டியல் ‘மருள்’ என்பதில் முடிகிறது. அறிவு மயங்கிய பிறவி என்று பொருள் கொள்ளலாம். இவற்றால் பயனில்லை என்பது புலவர் தீர்ப்பு. அரசனை அறத்தின் பக்கம் திருப்பத்தான் சொல்கிறார், சரி. ஆனாலும் அந்த எட்டுப் பேரும் அங்கே மனிதரல்லர், எடுத்துக்காட்டு. நாங்கள் ‘பயனில்லை’ என்பதை அழித்துவிட்டுச் ‘சோதனை’ என்று எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அபஸ ஸூராவை எல்லாப் பயானிலும் கேட்கிறோம். குறைஷித் தலைவர்களோடு நபியவர்கள் (ஸல்) பேசிக்கொண்டிருக்கையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) தன் கேள்வியோடு தானே வருகிறார். பிந்திய கதையைக் குறைவாகத்தான் கேட்கிறோம். மதீனாவில் அவர் முஅத்தின். பிலால் (ரழி) இரவில் சொல்லும் பாங்கோடு ஸஹர் நிற்பதில்லை. இவர் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம். பார்வையில்லாதவருக்கு விடிந்தது எப்படித் தெரியும்? மற்றவர்கள் “விடிந்துவிட்டது” என்று சொன்ன பிறகே அவர் பாங்கு சொல்வார் என்று புகாரியில் வருகிறது. அவரை வீட்டில் இருக்கச் சொல்லி யாரும் ஸபூர் போதிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள். ஊர் அவர் குரலில் நோன்பு பிடித்தது.

எங்கள் பக்கத்தில் ஓட்டிசமுள்ள பத்து வயது மகனை வளர்க்கும் உம்மா ஒருவர் சொன்னார்: “எல்லாரும் ஸபூர் செய்ங்க எண்டுதான் சொல்றாங்க டீச்சர். நான் குளிச்சிட்டு வாறமட்டும் இவனப் பாத்துக்கொள்ள ஒரு ஆளில்ல.” ஜும்ஆவில் மகன் சத்தம் போட்டதற்கு, அடுத்த கிழமை கூட்டி வரவேண்டாமென்று வாப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவர் தனியாகப் போகிறார். உம்மா கலியாண வீடுகளுக்கே போவதில்லை. பாடசாலை அனுமதியில் பாகுபாடு கூடாதென்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஸப்பில் இடம்விட எந்தச் சட்டம் வரும்?

அந்த ஒரு கதைக்கு வருகிறேன். எழுதியவள் பதினோராம் தரத்துப் பிள்ளை. அதில் ஒலிபெருக்கி தொடங்கும்போது ராத்தா தம்பியின் காதுகளைப் பொத்திக்கொள்கிறாள். அஸருக்குப் பிறகு முன்வீட்டு மாமி வந்து அவனோடு இருக்கிறார். அவன் சிரட்டைகளை வரிசையாக அடுக்குகிறான், உம்மா தூங்குகிறாள். யாரும் அழவில்லை, மௌத்தாகவும் இல்லை.

அதற்கு மூன்றாமிடம் கொடுத்தோம். ‘உருக்கம் போதாது’ என்று புள்ளித்தாளில் எழுதியவள் நான்தான்.