செவப்புச் சட்டை எங்கே போனது?

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி நான் செய்து வைத்திருந்த 14 தட்டிகளையும் பிரித்துப்போட்டு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தன் வேலையைத் தானே விமர்சிப்பது வழக்கமில்லைதான். ஆனால் தப்பு என்னுடையது மட்டுமில்லை. ஒடுக்கப்பட்டவர்களை எப்படிப் படம்பிடிக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிற அழகியலுக்கும் இதில் பங்குண்டு.

பாம்பன், சின்னப்பாலம், பாரதிநகர்ப் பக்கம் எடுத்த படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. நனைந்த சேலை, சுருங்கிய முகம், குனிந்த முதுகு. கீழே ஒரே ஒரு வரி: 'மீனவப் பெண், மன்னார் வளைகுடா'. நகரத்தில் வைத்தபோது பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கரையிலேயே, வலை காயப்போடுகிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

ஒரு பெரியம்மா முதல் தட்டியிலேயே நின்றுவிட்டார். "ஏத்தா, இது என்னா எழவு வீடா? அன்னிக்கி நாம் போட்டிருந்தது செவப்புச் சட்டை. அது எங்க போச்சு?" பக்கத்திலிருந்தவர், "மூஞ்சியத்தான் எடுத்திருக்கு. கையக் காணோமே. கைதான வேல செய்யுது" என்றார்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சையடக்கி முங்கினால் மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று கை பிரித்துப் பறிக்கும். அது படிப்பு. என் கறுப்பு வெள்ளையில் எல்லாப் பாசியும் ஒரே சாம்பல் நிறம்! மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவார்கள், அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. பாசி அழியக்கூடாதென்று தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்ததும் இப்படிப்பட்ட வேலைக்காகத்தான். என் தட்டிகளில் நிலாவும் இல்லை, கணக்கும் இல்லை. பரிதாபம் மட்டும் நிறைய இருந்தது.

காந்தியின் வெற்றுடம்புக்கு எதிரே அம்பேத்கர் நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக நிற்கிறார். சேரி சேரியாக அந்தக் கோட்டுக்கு வண்ணம் அடிக்கிற நம்மாளுக்குத் தெரிந்தது, எம்.ஏ. தமிழ் படித்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

'மீனவப் பெண்' என்ற சொல்லும் சும்மா வந்து விழுந்ததில்லை. கடற்கரையின் மேல் கீழையெல்லாம் அது ஒரே துடைப்பாகத் துடைத்துவிடுகிறது. இராமேஸ்வரத்துக் கடையர்களைச் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் என்று தர்ஸ்டன் 1909இலேயே எழுதிவைத்தார். அந்த வரலாறு என் ஒற்றை வரியில் எங்கே இருக்கிறது?

பாரதிநகர்ப் பெண்களைப் பற்றி ம. பழனிக்குமார் 2019இல் 'பாரி'யில் வெளியிட்ட படங்களைத் திரும்பவும் பார்த்தேன். வண்ணப் படங்கள். அந்தப் பெண்கள் பேரோடும் வயதோடும், எந்த வயதில் கடலில் இறங்கினோம் என்ற கணக்கோடும் வருகிறார்கள். அதுதான் சரி என்று பட்டது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

காரணம் இது. 1986இல் இந்தக் கடலின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகிவிட்டன. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவில் இன்றைக்குக் கால் வைத்தால் குற்றம். கரையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டார்: "இதுல தீவு தெரியுதே. இதக் கொண்டுபோய் யாராச்சும் காட்டுனா?" கௌரவம் கொடுக்கிற படமே வழக்குக்குச் சாட்சியாகவும் ஆகலாம். முகமும் இடமும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால் ஆபத்து. இதை யோசிக்காமல் எத்தனை பேர் படமெடுத்துப் போயிருப்போம்!

அதனால் புது அமைப்பில் முகங்கள் கரையில், வண்ணத்தில், சம்மதித்தவர்களின் பேரோடு. கடலுக்குள் கைகள் மட்டும், தீவு தெரியாமல். "தலையில்லாத உடம்பாகத்தானே நம்மை எப்போதும் காட்டியிருக்கிறார்கள், நீயும் அதையே செய்கிறாயா?" என்று தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். நியாயமான சண்டை. கைகளின் அடியில் அவரவர் சொன்னதை அவரவர் பேச்சிலேயே போடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பெரியம்மாவின் படத்தை மட்டும் தீவை வெட்டிவிட்டுச் செவப்புச் சட்டையோடு போட்டுக் கொண்டுபோனேன். சட்டையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கடல ஏன் வெட்டுன? நா என்ன திருடியா?" என்றார். மற்றவர்கள் வெட்டியதுதான் சரி என்கிறார்கள். பௌர்ணமிப் பாசி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டுத்தான் அந்தத் தட்டியை ஒட்ட வேண்டும்.