ஓம் விதியும் எரிந்துபோன மோட்டாரும்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்; வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பத்தாம் வகுப்பைத் தாண்டிய எவருக்கும் இவ்விரண்டும் மனப்பாடம். பாடநூலின் மின்னோட்டவியல் பாடத்திலும், அதைச் சார்ந்து கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களிலும் வரும் கணக்குகள் பெரும்பாலும் இவ்விரண்டைச் சுற்றியே அமைகின்றன. சூத்திரங்களில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அக்கணக்குகள் மாணவனுக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று நாம் சற்று ஆராய வேண்டும்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 220 வோல்ட், 60 வாட் என்று குறித்த குண்டு பல்பின் மின்தடை என்ன? 220-ஐ வர்க்கப்படுத்தி 60-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 807 ஓம். அதே பல்பை 110 வோல்ட்டில் எரித்தால் திறன் என்ன? 15 வாட் என்று விடை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். உண்மையிலோ அது 20 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும்! மின்னழுத்தம் குறைந்ததும் இழையின் சூடு தணிகிறது. சூடு தணிந்ததும் டங்ஸ்டனின் தடை குறைகிறது. எரியாத பல்பின் தடையை மீட்டர் வைத்து அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போட்ட கணத்திலேயே உயிரை விட்டதற்கும் இதுவே காரணம்.

ஓம் விதி பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். பொய்யன்று. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவதைத் தடை என்பது ஒரு வரையறை. வெப்பநிலை மாறாதிருக்கும் உலோகக் கம்பியில் அந்த ஈவு மாறாது என்பதே விதி. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓம் இதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாததால் அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு முனை பனிக்கட்டியிலும் மறுமுனை கொதிநீரிலும் இருக்கும் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். 1827-இல் தம் நூலை வெளியிட்டார். எது மாறாமல் இருக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கவனத்தை நம் பயிற்சிக் கணக்குகள் காட்டுவதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று தோன்றலாம். நாஞ்சில் நாட்டுக்கு வாருங்கள். தோவாளைப் பக்கத்தில் கிணற்று மோட்டார் வைத்து வாழைக்கு நீர் இறைக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மாலையில் மின்னழுத்தம் 230-இலிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்குகிறது. பள்ளியில் படித்த அவர் மகன், அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும், மோட்டாருக்குக் கேடில்லை என்று கணக்குப் போடுவான். நடப்பது நேர்மாறானது.

1 குதிரைத்திறன் என்பது 746 வாட். பயனுறு திறன் 70 விழுக்காடு எனின் மோட்டார் வாங்கும் திறன் ஏறக்குறைய 1,066 வாட். மாறுதிசை மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வந்துவிடாது; திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். அது 0.8 எனின், 230 வோல்ட்டில் மோட்டார் 5.8 ஆம்பியர் எடுக்கும். இறைக்க வேண்டிய நீர் குறையாததால் 180 வோல்ட்டிலும் ஏறக்குறைய அதே திறன் தேவை. ஆகவே ஓட்டம் 7.4 ஆம்பியராக ஏறுகிறது. சுருளில் உண்டாகும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது 1.6 மடங்காகிறது. காயில் எரிகிறது. மீண்டும் காயில் கட்டும் செலவு அந்த விவசாயியின் தலையில் விழுகிறது.

ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குவதால், சுருளின் தடையைக் கொண்டு மட்டும் அதன் ஓட்டத்தைக் கணிக்க முடியாது. திறன் காரணியோ பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில்தான் வருகிறது. பத்தாம் வகுப்போடு நிற்பவனே பெரும்பாலும் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. திறனுக்கு மூன்று சூத்திரங்களைக் கொடுத்துவிட்டு, எது எங்கே பொருந்தும் என்று சொல்லாமல் விடுகிறார்கள். கோதையாற்றில் 1970, 1971-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கிய இரு மின்நிலையங்களின் திறன் 60, 40 மெகாவாட். அத்தகைய மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டில் அனுப்பாமல் 110 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகும். கம்பியில் வீணாவது நூறில் ஒரு பங்காகும். மாணவனோ வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து, இழப்பு நூறு மடங்கு கூடும் என்கிறான். அந்த 110 கிலோவோல்ட் கம்பியின் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட அழுத்தமன்று என்பதை அவனுக்கு யாரும் எடுத்துக்காட்டவில்லை.

இதைச் சீர்செய்யப் புதிய பாடம் எழுத வேண்டியதில்லை. பல்புக் கணக்கில் "தடை மாறாது எனக் கொள்க" என்று ஒரு தொடர். மோட்டாரைப் பற்றி ஒரு பத்தி. மின்கம்பியைப் பற்றி ஒரு கணக்கு. இவை போதும்.

அதுவரை நீங்களே ஒன்று செய்து பாருங்கள். வீட்டு மின்னளவியில் சிறு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். எத்தனை மின்னல்கள் ஒரு யூனிட் என்று அதன்மேல் எழுதியிருக்கும். 3,200 என்றிருந்து, ஒரு நிமிடத்தில் 10 முறை மின்னினால், அப்போது வீட்டில் செலவாகும் திறன் 187.5 வாட். எந்தக் கம்பியையும் தொடாமல், மின்விசிறியையும் எல்.இ.டி. விளக்கையும் தனித்தனியே ஓடவிட்டு எண்ணுங்கள். அவற்றின்மேல் அச்சிட்ட வாட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால், ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.