பணம் இருந்தும் வாங்க முடியாத பொருள்

தேவைக்காகவே மனிதன் பொருள் வாங்குகிறான் என்பது பாடநூல் கூறும் பாடம். பிறர் கண்ணுக்காகவும் வாங்குகிறான் என்று காட்டியவர் அமெரிக்க அறிஞர் வெப்லன். 1899-இல் வெளிவந்த ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்னும் அவரது நூல், செல்வர்களின் பகட்டுச் செலவைத் தோலுரித்தது. மேலே உள்ளவன் வாங்குவதைக் கீழே உள்ளவன் பார்த்து வாங்குகிறான் என்பது அதன் சாரம்.

நல்ல நூல். ஆனால் அந்த அளவுகோலை நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்தால், அது பாதி தூரம்தான் அளக்கிறது.

சில பொருள்களை உயர்ந்தோர்க்கே ஒதுக்கிய பழங்காலத் தடைகளை வெப்லனும் குறிப்பிடுகிறார். நமக்கு அது பழங்காலமன்று! அவர் நூல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை, தென்திருவிதாங்கூரில் துணியே சாதிக்குச் சாதி அளந்து கொடுக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்டிரைப்போல் தோள்சீலை அணியலாகாது என்றது 1829-ஆம் ஆண்டு அரசாணை. போராட்டமும் கலகமும் மூண்டு, சென்னை ஆளுநர் டிரெவிலியன் வற்புறுத்திய பிறகே, 1859 ஜூலை 26-இல் மார்பை மறைக்கும் உரிமை வந்தது. அப்போதும் என்ன நிபந்தனை? மறைக்கலாம், மேல்சாதியார் அணியும் முறையில் மட்டும் அணியக் கூடாது!

குடை, செருப்பு, பொன்னகை, மாடி வீடு ஆகிய அனைத்தும் அம்மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததை, 1871-இல் வெளிவந்த தம் நூலில் பாதிரியார் சாமுவேல் மெட்டீர் பதிவு செய்திருக்கிறார். கையிலே காசிருக்கலாம், கடையிலே சரக்கிருக்கலாம். இடையிலே நின்றது சாதி. நாகர்கோவிலில் பாதிரிமாரின் மனைவியர் கற்பித்த லேஸ் பின்னலை ஏழைப் பெண்கள் பின்னினர். அது ஐரோப்பியரின் ஆடைக்கு அழகு செய்தது. பின்னியவள் தோளுக்கோ ஒரு முழச் சீலைக்கும் வழக்கு!

இத்தகையவள் வாங்கிய இரவிக்கையைப் ‘பார்த்துச் செய்வது’ என்று வெப்லனின் கணக்கில் எழுதலாமா? ‘நம்மைப்போல் உடுத்தப் பார்க்கிறார்கள்’ என்றுதானே அன்றைய ஆதிக்கக்காரரும் சீறினர்! பிறனைவிட உயர்ந்து நிற்க வாங்குவது பகட்டு. பிறனோடு சமமாக நிற்க வாங்குவது மானம். இந்த வேறுபாட்டைக் காணாததே அந்நூலின் குறை.

எனினும், நூலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், தோழர்களே! இன்றைய திருமணப் பந்தலுக்கு அதை எடுத்துச் செல்லுங்கள். கணவனின் செல்வத்தைக் காட்டும் காட்சிப் பொருளாக மனைவி ஆக்கப்படுவதை வெப்லன் துல்லியமாகச் சொல்கிறார். நம் ஊரில் அவள் தந்தையின் கடனையும் சேர்த்தல்லவா கழுத்தில் சுமக்கிறாள்! அன்று பொன் பூணாதே என்று தடுத்தார்கள். இன்று இத்தனை பவுன் பூட்டினால்தான் பெண் என்கிறார்கள். அன்றைய தடை சட்டத்தின் பெயரால் நின்றது. இன்றைய கட்டாயமோ, 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தையும் மீறி நிற்கிறது. மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும், அதுவே திருமணம் என்று அண்ணா ஆட்சி 1967-இல் சட்டம் செய்த நாட்டில், கல்யாணத்துக்காகக் காணியை விற்பானேன்?

வாங்கும் உரிமைக்காக நம் பாட்டிமார் அடிபட்டார்கள். வேண்டாத பொருளை வாங்க மறுக்கும் துணிவாவது பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாமா?