சிறு காட்டுடைமையாளர் கல்வி: எட்டுவதும் எட்டாததும்

அமெரிக்கக் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குடும்பங்களின் கையில் இருக்கிறது. உடைமையாளர்கள் சுமார் ஒரு கோடி பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் பத்து ஏக்கர்கூட இல்லை. வடகிழக்கு மாநிலங்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மக்கள் நெருக்கத்தில் மூன்றாம் இடத்தில் உள்ள மாசசூசெட்ஸின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் காடு. 19ஆம் நூற்றாண்டில் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டு, உழவர்கள் நிலத்தைக் கைவிட்ட பிறகு தானாக முளைத்து எழுந்த காடு அது. பல்லாயிரம் பட்டாக்களில் சிதறிக் கிடக்கும் இக்காட்டை அரசு வேலி போட்டுக் காக்க இயலாது. ஆகவே, உடைமையாளருக்குச் சொல்லிக்கொடுப்பது முதன்மையான வழிகளுள் ஒன்றாயிற்று. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பணிக்கு அடித்தளமிட்டது. 1990இல் தொடங்கிய வனப் பொறுப்பாண்மைத் திட்டம், தனியார் காடுகளுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதித்தரும் வேலைக்கு வலுவூட்டியது.

காடு துண்டாவதால் வரும் கேடு, இழந்த ஏக்கர்களின் கணக்கில் மட்டும் அடங்காது. துண்டு சிறுக்கச் சிறுக்க விளிம்பின் விகிதம் கூடுகிறது. விளிம்பு வழியாக வெயிலும் காற்றும் புகுகின்றன. ஜப்பானிய பார்பெரி போன்ற அயல் புதர்கள் வேரூன்றுகின்றன. ரக்கூன்களும் வீட்டுப் பூனைகளும் கூடுகளைத் தேடி வருகின்றன. திறந்த வெளியில் இரைதேடும் கௌபேர்ட் என்னும் பறவை, குயிலைப் போலப் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும். காட்டின் நடுப்பகுதியில் வாழும் உட் திரஷ் என்னும் பறவையின் குஞ்சுகளுக்கு விளிம்பில் இதனால் இழப்பு மிகுதி. 1985இல் டேவிட் வில்கோவ் வெளியிட்ட ஆய்வில், புறநகரை ஒட்டிய சிறு தோப்புகளில் வைத்த செயற்கைக் கூடுகள், பெருங்காட்டில் வைத்தவற்றைவிடப் பன்மடங்கு சூறையாடப்பட்டன. தன் ஐந்து ஏக்கர் பசுமையாகவே இருக்கிறது என்று நம்பும் உடைமையாளரின் கண்ணுக்கு இவற்றில் எதுவும் எளிதில் படாது. கல்வியின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

இக்கல்வி உறுதியாகப் பயன் தந்த இடம் மரவெட்டு. தடித்த, நேரான மரங்களை மட்டும் வெட்டினால் கீழே நிற்கும் இளமரங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்று வியாபாரி சொல்வது நியாயமாகவே தோன்றும். ஆனால் கைவிட்ட வயலில் ஒரே காலத்தில் முளைத்த காட்டில் ஒல்லியான மரங்களில் பெரும்பாலானவை இளமரங்கள் அல்ல. போட்டியில் தோற்ற, ஏறக்குறைய அதே வயது மரங்கள். நல்லவற்றை எடுத்துவிட்டால் நலிந்தவையே எதிர்காலக் காடாகின்றன. இதை ஒருமுறை புரிந்துகொண்டவர், கையெழுத்திடும் முன் வனவியலாளர் ஒருவரின் கருத்தைக் கேட்பார். ஓர் உடன்படிக்கை தள்ளிப்போனால்கூட அரை நூற்றாண்டு வளர்ச்சி தப்புகிறது.

சொல்லும் முறையிலும் நல்ல மாற்றம் நேர்ந்தது. 1980களில் கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களில் உருவான கவர்ட்ஸ் திட்டம், வல்லுநரை மேடையேற்றுவதற்குப் பதிலாக உடைமையாளர் சிலருக்கே பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸின் கீஸ்டோன் திட்டமும் இதே வழியில் நடக்கிறது. அக்கம்பக்கத்துக்காரர் தம் காட்டில் நடந்து காட்டிச் சொல்வதற்கு, எந்தத் துண்டறிக்கைக்கும் இல்லாத மதிப்பு உண்டு.

இக்கல்வியின் குறைகளில் முதலாவது, வருவோர் யார் என்பது. கூட்டங்களுக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறை கொண்டவர். எழுத்து வடிவில் மேலாண்மைத் திட்டம் வைத்திருப்போர் இன்றும் மிகச் சிலரே. தேசிய ஆய்வுகளில் உடைமையாளர்கள் காட்டை வைத்திருப்பதற்கு முதலில் சொல்லும் காரணங்கள் அழகு, வனவிலங்கு, தனிமை. மரவிற்பனை வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் நெடுங்காலம் பாடங்கள் மரத்தின் விலையையும் கன அளவையும் சுற்றியே அமைந்தன. கேட்பவரின் மனம் ஓரிடத்திலும் பாடம் வேறிடத்திலும் இருந்தால் ஆள் சேராதது வியப்பன்று.

இதைவிடப் பெரிய குறை, காடு உண்மையில் உடையும் கணத்தைக் கல்வி தவறவிடுவது. காடு கோடரியால் உடைவதற்கு முன்பே பாகப்பிரிவினையில் உடைந்துவிடுகிறது. உடைமையாளர்களில் பெரும்பகுதியினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். மாசசூசெட்ஸில் காட்டுக்கான சொத்துவரிச் சலுகை பெறக் குறைந்தது பத்து ஏக்கர் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். பத்தாண்டு மேலாண்மைத் திட்டமும் வேண்டும். நாற்பது ஏக்கரை ஐந்து பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எட்டு ஏக்கர். தனித்தனியே பார்த்தால் ஒருவருக்கும் இச்சலுகை இல்லை. முழு வரி கட்டும் வாரிசுக்கு, மனை கேட்டு வருபவர் சொல்லும் விலை பெரிதாகத் தெரியும். தந்தை முப்பது ஆண்டுகள் கற்றுச் செய்த பராமரிப்பு அனைத்தும் அந்த ஒரு பத்திரத்தில் முடிந்துபோகலாம். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாரிசுத் திட்டமிடல் பயிற்சி, குடும்பம் முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் செய்கிறது. கட்டட உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் நிலப் பாதுகாப்பு ஒப்பந்தம், நிலத்தைக் கூட்டாக வைத்திருக்கும் குடும்ப நிறுவனம் ஆகியவற்றை விளக்க வழக்கறிஞரும் கணக்காயரும் தேவை. வனவியலாளர் மட்டும் நடத்தும் வகுப்பில் இவை ஓரத்துப் பாடமாகவே நின்றுவிடுகின்றன.

தனி உடைமையாளரின் அறிவு எல்லைக்கல்லோடு நின்றுபோவதும் உண்மை. வெள்ளைவால் மான்கள் ஓக் கன்றுகளை மேய்ந்து தீர்க்கின்றன. வீட்டிலிருந்து 500 அடிக்குள், குடியிருப்பவரின் அனுமதியின்றி வேட்டையாட மாசசூசெட்ஸில் தடை இருப்பதால், வீடுகள் பெருகப் பெருக மான்களுக்குப் புகலிடமும் பெருகுகிறது. ஒருவர் பார்பெரியை வேரோடு களைந்தாலும் அடுத்த தோட்டத்திலிருந்து பறவைகள் விதையைக் கொண்டுவருகின்றன. பல பட்டாக்களை ஒன்றாகக் கருதித் திட்டமிடும் அண்டைவீட்டார் குழுக்களே இதற்கு ஏற்றவை. ஆனால் மானியங்களும் திட்டங்களும் இன்னும் பெரும்பாலும் ஓர் உடைமையாளர், ஒரு பத்திரம் என்ற கணக்கிலேயே நடக்கின்றன.

வெற்றியை அளக்கும் முறையும் இதே வழக்கத்தில் சிக்கியிருக்கிறது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை திட்டங்கள் எழுதப்பட்டன என்பது எளிதில் எண்ணத்தக்கது. பயிற்சி நடந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை ஏக்கர் உடையாமல் தொடர்ந்து நிற்கிறது என்பதைக் கைமாற்றப் பதிவுகளையும் வான்படங்களையும் ஒப்பிட்டு அறியலாம். அதற்கு நிதி ஒதுக்கீட்டின் காலவரம்பைத் தாண்டிய பொறுமை வேண்டும்; பெரும்பாலான திட்டங்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன.