பொய்யென்று தெரிந்தபின் கேட்ட மன்னிப்பு

துன்பியல் நாடகம் ஒன்றைக் கண்டு கண்ணீர் விடுகின்ற நாம், யாருக்காக அழுகின்றோம் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. குற்றமற்றவர் துன்புறும்போது நம் நெஞ்சம் எளிதில் இளகுகிறது. துன்புறுகிறவர்மீது ஏதோ ஒரு கறை உண்டெனத் தெரிந்தவுடன் அதே நெஞ்சம் தயங்குகிறது. இந்தத் தயக்கத்தை அளந்து பார்க்க உதவும் படைப்புகளுள் ஒன்று, 1961-இல் வில்லியம் வைலர் இயக்கிய 'தி சில்ட்ரன்ஸ் அவர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். பார்வையாளர்கள் அதைப் பற்றிக் காலந்தோறும் சொல்லி வந்திருப்பவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், படத்தைப் பற்றி அறிவதைவிடப் பார்ப்போரைப் பற்றியே மிகுதியாக அறிந்துகொள்கிறோம்.

கதை எளியது. கேரன், மார்த்தா என்னும் இரு தோழியர் பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்துகின்றனர். கண்டிப்புக்கு ஆளான மேரி என்னும் மாணவி, ஆசிரியைகள் இருவரும் தகாத உறவு கொண்டவர்கள் எனத் தன் பாட்டி திருமதி டில்ஃபர்டின் காதில் ஓதிவிடுகிறாள். பாட்டி மற்றப் பெற்றோருக்கு அறிவிக்கிறார், பள்ளி காலியாகிறது. அவதூறு வழக்குத் தொடுத்த ஆசிரியைகள் தோற்கின்றனர். கேரனுக்கு நிச்சயமான திருமணம் முறிகிறது. பிள்ளைகளின் குரலற்றுப்போன அந்த வீட்டில் ஒருநாள் மார்த்தா தன் உள்ளத்தைத் திறக்கிறாள். சிறுமி இட்டுக்கட்டிய கதையில் தானே அறியாதிருந்த ஓர் உண்மை இருந்தது என்கிறாள். கேரன்மீது தனக்குள்ளது வெறும் நட்பன்று என்கிறாள். தன்னை நோயுற்றவளாகவும் அழுக்கடைந்தவளாகவும் எண்ணிக் கதறுகிறாள். பின்னர்த் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இப்படத்திற்கு மூலம், லில்லியன் ஹெல்மன் எழுதி 1934-இல் நியூ யார்க்கில் அரங்கேறிய நாடகம். அங்கே அது 691 முறை மேடையேறியது. பாஸ்டன், சிகாகோ, இலண்டன் நகரங்களிலோ தடை செய்யப்பட்டது. நாடகத்திற்கும் மூலமாக, 1810-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இரு ஆசிரியைகள்மீது எழுந்த உண்மை வழக்கு ஒன்று உண்டு. அங்கே குற்றம் சாட்டிய மாணவி, இந்தியத் தாய்க்கு இந்தியாவில் பிறந்தவள். இத்தகைய செய்திகளை அவள் இந்தியாவில்தான் கேட்டறிந்திருக்க வேண்டும் என்ற கருத்து அந்த வழக்கு விசாரணையிலேயே எழுந்தது. 'இது மேலை நாட்டிலிருந்து வந்த தொற்று' என்று நம்மிடையே சொல்லி அமைதி கொள்வோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் கிழக்கைச் சுட்டினர். நாம் மேற்கைச் சுட்டுகிறோம். மனிதர் தமக்கு அச்சமூட்டுவதை எப்போதும் கடலுக்கு அப்பாலேயே வைக்க விரும்புகின்றனர்.

நாடகம் முதலில் திரைக்கு வந்தது 1936-இல். இதே வைலர் 'திஸ் த்ரீ' என்ற பெயரில் அதை எடுத்தார். ஆனால் கதையின் நடுநரம்பு அறுக்கப்பட்டிருந்தது. மார்த்தாவுக்கும் கேரனின் மணவாளனுக்கும் தகாத உறவு என்பதாக வதந்தி மாற்றப்பட்டது, யாரும் சாகவில்லை, முடிவும் இனிதாயிற்று. காரணம், திரைப்படத் தயாரிப்புக்கான அன்றைய ஒழுக்க விதித்தொகுப்பு. 1930-இல் அதை வரைந்தவர்கள் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குருவும், மார்ட்டின் குயிக்லி என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினரும் ஆவர். 1934 முதல் அதைக் கண்டிப்புடன் செயற்படுத்திய ஜோசப் பிரீனும் நம்மவரே. இளையோரைக் காக்கவேண்டும் என்ற அவர்களது நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒன்றைப் பற்றிப் பேசாதிருப்பதால் அது இல்லாமற் போய்விடுவதில்லை. அதைச் சுமப்பவர் தனித்துவிடப்படுகிறார், அவ்வளவே நிகழ்கிறது.

1961 அக்டோபரில் விதி சற்றுத் தளர்த்தப்பட்ட பின்னரே, கேரனாக ஆட்ரி ஹெப்பர்னும் மார்த்தாவாக ஷெர்லி மக்லேனும் நடித்த படம் வெளிவர முடிந்தது. அதிலும் அந்த உறவின் பெயர் ஓரிடத்திலும் உச்சரிக்கப்படுவதில்லை. சிறுமி காருக்குள் பாட்டியின் செவியில் முணுமுணுப்பதும் நமக்குக் கேட்பதில்லை. முதியவரின் முகம் மாறுவதை மட்டும் காண்கிறோம்.

அன்றைய பார்வையாளர் என்ன சொன்னார்கள்? நியூ யார்க் டைம்ஸ் விமர்சகர் போஸ்லி கிரௌதர், இந்தக் காலத்தில் படித்த மக்கள் ஒரு குழந்தையின் ஐயத்திற்குரிய பேச்சைக் கேட்டு இவ்வளவு கொடுமையாக நடந்துகொள்வார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்ற பொருளில் 1962-இல் எழுதினார். அவர் எழுதிய அந்நாளில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஏட்டில் தன்பாலீர்ப்பு ஒரு மனநோயாகவே பதிவாகியிருந்தது. 1973-இல்தான் அச்சங்கம் அதை நீக்கியது. உலக நலவாழ்வு நிறுவனம் நீக்கியது 1990-இல். தன்னை நோயாளி என்று மார்த்தா சொன்னபோது, அவள் தன் காலத்து அறிஞர்களின் தீர்ப்பையே தன்மேல் படித்துக்கொண்டாள். படித்தவர்கள் இத்தகைய கொடுமை செய்யமாட்டார்கள் என்று கிரௌதர் நம்பினார். படித்தவர்களின் நூல்களிலேயே அக்கொடுமைக்கு வேண்டிய சொற்கள் இருந்தன.

பிற்காலப் பார்வையாளரின் முறையீடு வேறு வகையானது. விட்டோ ரூசோ 1981-இல் எழுதிய 'தி செல்லுலாய்ட் குளோசெட்' என்னும் நூலில், தன்பாலீர்ப்புடைய பாத்திரங்கள் திரையில் எவ்வெவ்வாறு சாகடிக்கப்பட்டனர் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. இவர்களை வாழவிட ஏன் உங்கள் கதைகளால் இயலவில்லை என்பது அந்நூல் எழுப்பும் கேள்வி. அந்நூலை ஒட்டி 1995-இல் வெளிவந்த ஆவணப்படத்தில், மார்த்தாவாக நடித்த மக்லேனே தோன்றி, படப்பிடிப்பின்போது தாமும் ஹெப்பர்னும் அந்த உறவைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை என்கிறார். இன்றைய மார்த்தா போராடியிருப்பாள் என்றும் கூறுகிறார். நடித்த இருவரிடையேயும் கூட அந்த மௌனம் நிலவியது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இம்முறையீடு நேர்மையானது. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நாடகத்தில் மார்த்தா இறந்த பின்னரே திருமதி டில்ஃபர்ட் மன்னிப்புக் கேட்க வருகிறார். காலம் கடந்துவிட்டதே என்று நாம் ஏங்குகிறோம். திரைப்படத்திலோ அந்த வரிசை மாறியுள்ளது. மார்த்தா தன் உள்ளத்தைத் திறந்த பின்னர், அவள் உயிரோடிருக்கும்போதே அம்முதியவர் வருகிறார். பேத்தி சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது. அதை ஊரறியச் சொல்வதாகவும் இழப்பீடு தருவதாகவும் வாக்களிக்கிறார். உதவி காலத்தில் வந்தும் மார்த்தா பிழைக்கவில்லை. ஏன்?

அந்த மன்னிப்பு எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்போம். 'நீங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். ஆகவே எங்களை மன்னியுங்கள்' என்பதே அதன் சாரம். அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் ஊரார் செய்தது சரியே என்பது அதனுள் பொதிந்துள்ளது. கேரனுக்கு அது விடுதலை. சற்று முன்னர்தான் தன்னை அறிந்துகொண்ட மார்த்தாவுக்கோ அது இரண்டாம் முறை எழுதப்பட்ட தண்டனைத் தீர்ப்பு. 'பாவம், ஒரு பொய்யால் அழிந்தார்களே' என்று மட்டும் சொல்லி எழுகின்ற பார்வையாளர், தம்மை அறியாமலே திருமதி டில்ஃபர்டின் அருகில் போய் நிற்கிறார்.

திருவிவிலியத்தில் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட சூசன்னாவை நாம் அறிவோம். அவர் மாசற்றவர், தானியேல் அதை மெய்ப்பித்து அவரைக் காத்தார். யோவான் நற்செய்தியில் ஆண்டவர் முன் நிறுத்தப்பட்ட பெண்ணின் நிலையோ வேறு. சாட்டப்பட்ட குற்றம் பொய்யென்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஆண்டவர் கற்களைக் கீழே விழச் செய்தார். சூசன்னாவுக்காக அழுவது எளிது. மார்த்தாவோ சூசன்னாவைப் போலத் தலைநிமிர்ந்து மறுக்கவும் இயலாதவள். அந்த இன்னொரு பெண்ணைப் போலச் செயலால் தவறியவளும் அல்லள். அவளிடம் இருந்தது ஓர் அன்பு மட்டுமே. முழு அறிவும் முழுச் சம்மதமும் கொண்ட செயலின்றிக் கனமான பாவம் இல்லை என்று நாம் குருமடத்தில் பயின்ற ஒழுக்கவியலின் கண்டிப்பான அளவுகோலால் அளந்தாலும், அவள் பாவமென்று அறிக்கையிட ஒன்றுமே இல்லை.

இவ்வாறு கூறுவது திருச்சபையின் போதனையை நீர்த்துப்போகச் செய்யாதா என அன்பர் சிலர் ஐயுறலாம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, மனச்சாய்வையும் செயலையும் வேறுபடுத்தியே பேசுகிறது. இத்தகையோரை மதிப்புடனும் பரிவுடனும் நுண்ணுணர்வுடனும் ஏற்க வேண்டும் என்றும் பணிக்கிறது. அப்பரிவுக்கு முன்நிபந்தனையாக, குற்றச்சாட்டு பொய்யென மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

மார்த்தா பேசியபோது கேரன் என்ன செய்தாள்? கடிந்துகொள்ளவில்லை. நீ களைத்திருக்கிறாய், கேட்டுக் கேட்டு அந்தப் பொய்யை நீயே நம்பிவிட்டாய் என்ற பாங்கில் தேற்ற முயன்றாள். அன்போடு சொன்னதுதான், ஆனால் அதற்குள் மார்த்தாவின் பேச்சு அடைபட்டுப் போயிற்று. ஒப்புரவு இருக்கையில் அமரும் நாமும் இதைச் செய்திருக்கிறோம். நடுங்கும் குரலொன்று ஏதோ சொல்லத் தொடங்கும்போது, 'அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ளாதே, செபம் செய்' என்று விரைந்து ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அந்த ஆறுதலுக்குள் நம் அச்சமும் ஒளிந்திருந்தது.

படம் மார்த்தாவின் அடக்கத்தோடு முடிகிறது. ஊரார் ஒதுங்கி நிற்க, கேரன் எவரையும் பாராமல் நடந்து செல்கிறாள். தற்கொலை செய்துகொண்டோருக்குக் கிறிஸ்தவ அடக்கச் சடங்கை மறுத்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் விதி, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் மறைக்கல்வி கற்பிக்கிறது. ஆகவே மார்த்தாக்களின் கல்லறையருகே நின்று மன்றாட இன்று நமக்குத் தடையில்லை. அவர்கள் வாய்திறந்து பேசும் அந்த ஒரு மாலைப்பொழுதில் குறுக்கிடாமல் முழுவதும் கேட்பதற்கும் ஒருநாளும் தடை இருந்ததில்லை.