வவுச்சர் இல்லாத கட்டுரைகள்

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் பற்றி உன் கருத்தை ஐந்து வரியில் எழுது என்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால், நம் பிள்ளைகளுக்குப் படம் கண்ணில் படுவதற்கு முன்பே பதில் தயார். 'இது ஓர் அழகான படம். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வண்ணங்கள் கண்ணுக்கு இனிமை...' என்கிற ரீதியில் இங்கிலீஷில் ஐந்து வாக்கியம். மரம் நடுகிற படமா, இதே ஐந்து. பஸ் கவிழ்ந்து கிடக்கிற படமா, அதற்கும் இதே ஐந்து. கேள்வித்தாள் கறுப்பு வெள்ளை என்பது வேறு விஷயம்!

சொல்லிக் கொடுத்த வாத்தியாரைத் திட்டிவிடாதீர்கள். சுற்றுப்பட்டு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் படிக்க வருகிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற முதல் ஆள் அவள்தான். முப்பத்தைந்து மார்க் என்கிற கரையில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஐந்து வாக்கியம். தோணியைக் கேலி செய்யக் கூடாது. கரையேறின பிறகும் அதைத் தலையில் சுமக்கச் சொல்கிறோமே, அதுதான் என் புகார். ப்ளஸ் டூவில் இரண்டு இங்கிலீஷ் பேப்பராக இருந்ததை 2018-19ல் ஒன்றாக்கினார்கள். பேப்பர் குறைந்தது, பழக்கம் குறையவில்லை.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கிற வீடுகளில், மே மாதம் வந்தால் 'பேரனுக்கு ஏ.பி. எக்ஸாம்' என்று ஒரு பேச்சு அடிபடும். ஹைஸ்கூலில் இருக்கும்போதே எழுதுகிற, கல்லூரித் தரத்துப் பரீட்சை. அதில் இங்கிலீஷ் மொழி, கட்டுரை என்று ஒரு பாடம். 45 அப்ஜெக்டிவ் கேள்வி, அப்புறம் மூன்று கட்டுரை. ஒன்றில், கொடுத்திருக்கிற பல ஆதாரங்களைப் படித்து, அவற்றைக்கொண்டு ஒரு நிலைப்பாட்டை நிறுவ வேண்டும். இன்னொன்றில், ஒருவர் எழுதியதைப் படித்து, 'இவர் நம்மை எப்படிச் சம்மதிக்க வைக்கிறார்?' என்று பிரித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் சொந்தமாக வாதாட வேண்டும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 மார்க். உன் கட்சி என்ன என்று சொல்ல 1. ஆதாரத்துக்கும் அதை விளக்குவதற்கும் 4. வாதத்தின் முதிர்ச்சிக்கு 1. பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிகிறது. வவுச்சர் இல்லாமல் செலவு எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? அங்கேயும் கோச்சிங் உண்டு, ரெடிமேட் ஃபார்முலா உண்டு. ஆனாலும், கொடுத்த பக்கத்தைப் படிக்காமல் அங்கே ஒப்பேற்றுவது கஷ்டம்.

நாமும் செய்து பார்ப்போமே. மஞ்சக்குப்பத்திலிருந்து கடல் பக்கம் போனால் தேவனாம்பட்டினம். 1746-ல் ஃப்ரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ராபர்ட் கிளைவ் தப்பி வந்து சேர்ந்த செயின்ட் டேவிட் கோட்டை அங்கேதான் இருந்தது. அந்தக் கிளைவைப் பற்றி 1840-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியவர் மெக்காலே. நம் தலையில் இங்கிலீஷ் படிப்பு விடியக் காரணமான 1835-ஆம் வருடத்துக் கல்விக் குறிப்பும் அவர் கைவண்ணம்தான்.

அந்தக் குறிப்பைத் திட்டியிருக்கிறோம், மெச்சியிருக்கிறோம். பிரித்துப் பார்த்திருக்கிறோமா? தனக்கு சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 'அட, நேர்மையான மனுஷன்' என்று நாம் கொஞ்சம் அசருகிறோம். உடனே அடுத்த அடி: மொழிபெயர்ப்பில் படித்தாராம், விஷயம் தெரிந்தவர்களிடம் பேசினாராம், ஐரோப்பிய இலக்கியத்தின் உயர்வை அவர்களில் ஒருவரும் மறுக்கவில்லையாம். யார் அவர்கள்? எத்தனை பேர்? வவுச்சர் இல்லை. தெரியாது என்கிற பலவீனத்தையே பலமாக மாற்றிவிட்டார் பாருங்கள். எழுத்து என்னவோ பிரமாதம்தான். அதனால்தான் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். ஏறக்குறைய 190 வருஷமாக அவர் கொடுத்த பாஷையை மனப்பாடம் செய்கிறோம். அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்க அந்த பாஷையில் பழகவில்லை.

இதற்கு இங்கிலீஷ் கூட முக்கியமில்லை. அதே மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்து, அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் ஜெயகாந்தன். 1966-ல் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' கதை விகடனில் வந்தபோது ஏக சர்ச்சை. கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளை, தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர் என்ன செய்தார்? சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு நாவலே எழுதிக் காட்டினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. எதிர்க்கட்சியின் வாதத்தை வாங்கி, அதை முழுசாக நடத்திக்காட்டி பதில் சொல்வது. எந்த ஊர்ப் பரீட்சையிலும் இதற்கு ஃபுல் மார்க்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கட்டுரைக்குத் தயார் செய்கிறது என்றால் இன்னொரு கைடு வாங்காதீர்கள். காலைப் பேப்பரில் ஒரு தலையங்கத்தைக் காட்டுங்கள். இவர் என்ன சொல்கிறார்? அதற்கு என்ன ஆதாரம் தருகிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? மூன்றே கேள்வி. பதிலை முதலில் தமிழில் பேசட்டும். அப்புறம் இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதட்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, கிராமரை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

அது எதையாவது அடித்துச் சொன்னால், 'பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே' என்று வாயை மூடாதீர்கள். 'சரி, ஏன் அப்படிச் சொல்றே?' என்று கேளுங்கள். அதுதான் கட்டுரையின் முதல் பாடம்.